விளங்காத படத்துக்கு டிக்கட் கொடுப்பவள்

டிக்கட் கவுண்டரில் இருக்கிறவளுக்குப் படம் விளங்கியிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் படம் முடிந்து வெளியே வருகிற சனம் முதலில் பிடிப்பது அவளைத்தான்.

மாத்தளை டவுனில் ஒரு சின்னத் தியேட்டரில் எனக்கு வேலை. கிழமையில் ஒருநாள் இங்கிலீஷ் விஞ்ஞானப் படம் போடுவோம். காலம் முன்னே பின்னே ஓடும், ஒருவனே மூன்று பேராக வருவான், நடந்தது கனவா நிஜமா என்று கடைசிவரை சொல்ல மாட்டார்கள். கீழே சிங்களத்தில் எழுத்து ஓடும். அதை வேகமாக வாசிக்க முடியாத நம் ஆட்களுக்கு நான்தான் தமிழ். மத்தியானக் காட்சியைப் பின்னால் நின்று ஒருதரம் பார்ப்பேன், சாயந்தரக் காட்சியை இன்னொரு தரம். இரண்டாந்தரம் பாதி விளங்கும். அந்தப் பாதியை வைத்துத்தான் சமாளிப்பு.

நீங்களும் இப்படி ஒரு படம் முடிந்து, பக்கத்திலிருந்தவர் முகத்தைப் பார்த்து, அவரும் உங்கள் முகத்தைப் பார்த்து, இரண்டு பேருமாக "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு எழும்பியவர்தானே? அப்படியென்றால் நாம் ஒரே கட்சி.

முடிவிலிருந்து தொடங்கிய படம்

யட்டவத்தையில் மிளகு, கராம்பு வாங்கி விற்கிற ஹாஜியார் ஒருவர், மழைக்கு ஒதுங்கின கையோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அன்றைய படம் முடிவில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிற ஜாதி. முதல் காட்சியில் செத்துக் கிடந்தவன் பிறகு எழும்பிக் கோப்பி குடிக்கிறான். ஹாஜியார் இடைவேளைவரை பொறுத்தார். பிறகு நேரே என்னிடம் வந்து, "மகள், மெசின்காரர் தூங்கிட்டாரா? படத்தைப் பொறட்டிப் போட்டிருக்காரே" என்றார்.

எங்கள் ஒப்பரேட்டர் மகேந்திரனுக்குக் கோபம் வந்துவிட்டது. மாடிப்படியில் நின்றபடியே, படம் எடுத்தவர்களே அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள் என்று விளக்கினார். ஹாஜியாரால் நம்ப முடியவில்லை. "வேணும்னே கலைச்சு வச்சிருக்காங்களா? அப்ப இத எப்பிடி மனுஷன் வெளங்குறது?" என்று கேட்டார். அவருடைய மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு அமைதியாகச் சொன்னார்: "நீங்க கதை சொல்றதும் இப்பிடித்தானே இரிக்கி, கலியாணம் முடிச்ச நாள்லேந்து நான் வெளங்கிட்டுத்தானே இரிக்கேன்."

திரும்பத் திரும்ப ஒரே நாள்

ஆஸ்பத்திரியில் கிளினிக் முடிந்து, தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரம் கிடந்ததால் செல்வராணியும் அவளுடைய நாத்தனார் ஜெயந்தியும் வந்திருந்தார்கள். இரண்டு பேரும் கொழுந்தெடுக்கிறவர்கள். படத்தில் ஒருவனுக்கு ஒரே நாள் திரும்பத் திரும்ப விடிகிறது. முதல் நாள் கூடப்பிறந்தவனோடு சண்டை போட்டு அவனை வெளியே அனுப்பிவிடுகிறான். அடுத்தடுத்த விடியலில் ஒவ்வொரு வார்த்தையாக மாற்றிப் பேசி, கடைசியில் அவனை வீட்டிலேயே இருக்க வைத்துவிடுகிறான்.

"விளங்கிச்சா?" என்று கேட்டேன். "இதுல வெளங்காததுக்கு என்னாக்கா இருக்கு? எங்களுக்கு தெனமும் இதே மலை, இதே கூடைதானே" என்று ஜெயந்தி சிரித்தாள். நானும் சிரித்தேன். செல்வராணி மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய தம்பி அவளோடு கோபித்துக்கொண்டு கொழும்புக்குப் போனவன். இவள் போன் போட்டாலும் பதில் இல்லையாம். ஜெயந்தி என் காதோரம் சொன்னாள். பஸ்ஸுக்கு ஓடப் போகும்போதுதான் செல்வராணி வாயைத் திறந்தாள்: "அந்தாளு பரவால்லக்கா, நேத்துப் பேசின பேச்ச இன்னைக்கு மாத்திப் பேசிக்கிறான், எங்களுக்கு நாளு மட்டுந்தான் திரும்பி வருது, பேசினது பேசினபடியே நிக்கிது."

கரண்ட் எழுதிய முடிவு

ஒரு மத்தியானக் காட்சிப் படத்தில் விஞ்ஞானி ஒருத்தி வேறோர் உலகத்துக்குப் போகிற கதவைக் கண்டுபிடிக்கிறாள். அதைத் திறந்தால் இந்த உலகம் அழியுமா, அந்த உலகம் அழியுமா என்று யாருக்கும் தெரியாது. மெல்லக் கையை வைக்கிறாள். கதவு அசைகிறது. படீரென்று திரை இருண்டது.

ஒருவரும் கூச்சல் போடவில்லை. பிறகு ஒருவர் கைதட்ட, எல்லோரும் கைதட்டினார்கள். வெளியே வந்தவர்கள் முகங்களில் அப்படியொரு பாரம். யூனிவர்சிட்டிப் பொடியன் ஒருவன், அந்த இருட்டுதான் படத்தின் செய்தி என்றும், மனிதன் பார்க்கக்கூடாததைப் பார்க்கப் போனால் கண்ணே இல்லாமல் போகும் என்றும் சொன்னான். கல்யாணம் நிச்சயமாகி இருந்த ஒரு பிள்ளை, இல்லை, அவள் கதவைத் திறந்துவிட்டாள், புது இடம் என்றால் முதலில் இருட்டாகத்தான் தெரியும் என்றாள். இப்படிப் பேச்சு நன்றாகச் சூடுபிடித்த நேரத்தில்தான் மகேந்திரன் டோர்ச் லைட்டோடு இறங்கி வந்து, கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டரும் கிளம்பவில்லை என்றார்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. பாதிப்பேர் உள்ளே போனார்கள். அந்தப் பிள்ளையை நானும் கூப்பிட்டேன்; இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். அவள் குடையை விரித்துக்கொண்டே சொன்னாள்: "வேணாங்கக்கா, நான் நெனச்ச முடிவே எனக்குத் தைரியமா இருக்கு."

தாய் திரும்பி வந்த படம்

பலாபத்வலையில் பார்மசி ஒன்றில் நிற்கிற நிஷாந்தினி எனக்குப் பழக்கம். ஒருநாள் தன் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய், நீண்ட காலம் கழித்துத் திரும்பி வந்திருந்தவர். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. உள்ளே போயும், நடுவில் ஒரு கதிரையை விட்டு, அதில் கைப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

படத்தில் ஒரு தாய் விண்கலம் ஓட்டிக்கொண்டு தூரக் கிரகம் ஒன்றுக்குப் போகிறாள். அவளுக்குச் சில மாதங்கள்தான் கழிகின்றன. பூமியில் மகன் வளர்ந்து, நரைத்து, கிழவனாகிவிடுகிறான். இந்த இடத்தில் நிஷாந்தினியின் தாய் எழும்பி வெளியே வந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். "ஏன் தங்கச்சி, அந்தப் பொம்பளைக்கு மட்டும் ஏன் வயசு போகல?" என்று கேட்டார். அவள் போன இடத்தில் நேரம் மெதுவாகப் போகிறது, இங்கேதான் வேகமாக ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தைச் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். "சரிதான். அங்க ஒரு நாள் போறதுக்குள்ள உசுரு போயிரும். நான் கொண்டுபோன போட்டோவுல இவ பல்லு விழுந்த பிள்ளையாவே இருந்தா தங்கச்சி. அதுக்குத்தான் நான் கதைச்சேன், அதுக்குத்தான் சட்டை வாங்கினேன். வந்து எறங்குனா, என்னைவிட ஒசரமா ஒருத்தி நிக்கிறா. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். வேற யாரோட பிள்ளையவோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

திரும்பிப் பார்த்தால் கதவுத் திரையைப் பிடித்துக்கொண்டு நிஷாந்தினி நிற்கிறாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியாது. கண்ணைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. கையை நீட்டினாள்: "வாங்கம்மா, அவங்க மகனப் பாக்க வர்றாங்க, தனியா இருந்து பாக்க எனக்கு ஏலாது."

முதலாளி பார்த்த படம்

எங்கள் முதலாளி தன் தியேட்டரில் உட்கார்ந்து படம் பார்த்து நான் கண்டதில்லை. மனைவி தவறிய பிறகு தியேட்டர் பக்கம் வருவதே குறைவு. ஒருநாள் சாயந்தரம் வந்தார். மழை வேறு, உள்ளே ஆட்கள் இங்கொருவர் அங்கொருவராக இருந்தார்கள். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

அன்றைய கதையில் ஒருவன் இறந்துபோன மனைவியைக் காப்பாற்றக் காலத்தில் பின்னோக்கிப் போகிறான். வேறு டொக்டர், வேறு மருந்து, வேறு ஊர் என்று ஒவ்வொரு தரமும் ஓடுகிறான். ஒவ்வொரு தரமும் அவள் இறந்துபோகிறாள். கடைசித் தரம் அவன் எங்கேயும் ஓடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுக்கிறான். அதோடு படம் முடிகிறது.

விளக்கு போட்ட பிறகும் முதலாளி எழும்பவில்லை. பக்கத்தில் போனேன். "அந்தக் கடைசித் தடவை அவன் ஏன் ஒண்ணுமே செய்யல?" என்று கேட்டார். என்ன செய்தாலும் நடக்காது என்று அவனுக்கு விளங்கிவிட்டது என்றேன். "நான் கண்டிக்கும் கொழும்புக்கும் ஓடிக்கிட்டே இருந்தேன்மா. அவ ஒருநாள், கொஞ்சம் உட்காருங்களேன்னு சொன்னா. மருந்து எடுக்கணும்னு எழும்பிப் போயிட்டேன்." சொல்லிவிட்டு வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். அது அவருக்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்: "இந்தப் படங்களை நிப்பாட்டச் சொல்லத்தான் இன்னைக்கு வந்தேன், இருக்கட்டும், வர்ற ஆளு வரட்டும்."

இத்தனை பேர் "படம் விளங்கல" என்று வந்து நின்றார்கள், ஒருவரும் கடைசியில் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை, அதனால்தான் பாதி விளங்கிய நானும் இந்த வேலையில் இன்னும் இருக்கிறேன்.