கீழ்ப்பாதிக் கதவு

அந்த நாலு லாயங்களில் மூன்றாவதில் கடைசியாகக் குடியிருந்தது குதிரையில்லை, ஒரு கொத்தனார். பத்தொன்பது வருஷம், மனைவியோடு, வாடகைக்கு. கூட வேலை செய்கிறவர்கள் 'லாயத்தார்' என்று பேர் வைத்து, "இன்னிக்குக் கொள்ளு தின்னாச்சா?" என்று ஓட்டுவார்கள். அவரும் ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுக் கலவையைக் குழைப்பார்.

மனைவி போய்ச் சேர்ந்த மறுமாதமே வீட்டைக் காலி செய்தார். ஒரு வருஷம் கழித்து, லாயங்கள் கைமாறி, நாலையும் சேர்த்து ஒரே வீடாக்கும் வேலை தொடங்கியது. பழைய சுவர், தலையில் விழும் என்று மற்ற கொத்தனார்கள் முகத்தைச் சுளித்தார்கள். லாயத்தார் மட்டும் கரண்டியும் தூக்குக்குண்டுமாக வந்து நின்றார். அவருக்கு வேண்டியது ஒரு கதவு.

லாயக் கதவு குறுக்கே இரண்டு பாதி. மேல்பாதியைத் திறந்துவிட்டால் குதிரை தலையை நீட்டி வேடிக்கை பார்க்கலாம். கீழ்ப்பாதி அதை உள்ளேயே நிறுத்தும். அவர் வேலை விட்டு வந்து வாசல் குழாயில் கால் கழுவும்போதெல்லாம், மனைவி அந்தக் கீழ்ப்பாதியின் மேல் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு நிற்பாள்.

"கழுத்துல சிமெண்டு அப்படியே இருக்கு. அதோட உள்ள வந்தீங்க, செங்கல்லை அடுக்கி வாசலை அடைச்சுருவேன்."

ஊன்றி ஊன்றி மரம் கருத்து, வழவழவென்று ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அவள் புகைப்படம் என்று பார்த்தால் அடையாள அட்டையில் ஒன்றுதான். அதிலும் யாரையோ முறைத்துக்கொண்டிருப்பாள்.

புது வீட்டுக்காரர்களுக்குப் பழசு என்றால் உயிர். குதிரை கட்டிய வளையத்தில் துண்டு தொங்குமாம். தீனித்தொட்டியில் கை கழுவுவார்களாம். கதவு இருந்த இடத்தில் மட்டும் கண்ணாடி, கதவுகள் விறகுக்கு.

ஒரு வாரம் மென்று முழுங்கினார். அங்கே தச்சு வேலை பார்த்தது மனைவியின் தம்பிதான். கடைசியில் அவனிடம், "மூணாவது கதவோட கீழ்ப்பாதி எனக்கு வேணும் மாப்ள. கழட்டி ஓரமா வை. இஞ்சினியரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்" என்றார். எதற்கென்று சொல்லவில்லை. வெட்கம்.

இஞ்சினியரம்மா பரணில் அளவெடுத்துக்கொண்டிருந்தார். லாயத்தார் தலையைச் சொறிந்து, தொண்டையைச் செருமி, விஷயத்துக்கு வருவதற்குள் அரைமணி ஓடிவிட்டது.

"ஒரு கதவுதானே? தாராளமா எடுத்துக்கோங்க."

ஏணியில் பாதியும் குதித்துப் பாதியுமாக இறங்கினார்.

கீழே மச்சினன் இழைப்புளியை வைத்துவிட்டு, தலையெல்லாம் மரத்தூளோடு இளித்தான்.

"வாங்க மாமா! மேல ஒரு பள்ளம், எந்தச் சனியன் புடிச்ச குதிரை கடிச்சுதோ. அப்படியே குடுத்தா அக்கா கனவுல வந்து உதைப்பா. ரசமட்டம் வச்சுப் பாத்து, மேடு பள்ளம் இல்லாம இழைச்சுட்டேன். கை வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். முழங்கை எங்கும் நிற்காமல் வழுக்கியது.

"எப்படி மாமா?"

"நல்லா இருக்கு மாப்ள," என்றார் லாயத்தார். "ரொம்ப நல்லா இருக்கு."

பிறகு குந்தி உட்கார்ந்து, தரையில் கிடந்த மரச்சுருள்களில் மேல்தோலாக வந்த கருத்த சுருள்களை மட்டும் பொறுக்கி, காலி சிமெண்டுப் பைக்குள் போட ஆரம்பித்தார்.

"குப்பை எதுக்கு மாமா?"

"அடுப்புப் பத்தவைக்க."

அவர் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு. வாங்கிக் கொடுத்ததே மச்சினன்தான்.