தலை எண்ணும் நாள்

ஆறாம் வகுப்பு, ஓணப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால், எனக்கு முட்டிக்கு முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்தது. இதயத்தையும் தொட்டுவிட்டது என்று சித்தூர் டாக்டர் சொன்னார். மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, மற்ற நேரமெல்லாம் கட்டில். பத்து மாதம் ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அத்தனை நாள் வராத பிள்ளையின் பேரை வெட்டிவிடுவது வழக்கம். எங்கள் தமிழ்ப் பிரிவு சார் வெட்டவில்லை. "தங்கமான மனுசன்" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். நானும் நம்பினேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த முதல் வெள்ளிக்கிழமை, சார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே அப்பாவிடம் நெடுநேரம் பேசிவிட்டுப் போனார். அப்பா உள்ளே வந்து, "கண்ணு, திங்கக்கெழம பள்ளிக்கொடம் போலாமா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சந்தோஷம் தாங்காமல் போகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி ஒரு மக்கு நான்.

இரண்டு நாளும் நான் பண்ணாத அலப்பறை இல்லை. நோட்டுகளுக்கு அட்டை போட்டேன். இடுப்பில் நிற்காத பாவாடையை ஊக்குக் குத்தி நிறுத்தினேன். திங்கட்கிழமை மழைக்குச் சாக்கைப் போர்த்தி அப்பா மாட்டுவண்டியில் கூட்டிப்போனார். என் சேக்காளிகள் ஏழாம் வகுப்புக்குப் போயிருந்தார்கள். எனக்கு ஆறிலேயே, சின்னப் பிள்ளைகளோடு, ஜன்னலோரக் கடைசி பெஞ்சு. அதுகூடக் குறையாகப் படவில்லை. சார் போர்டில் ஒரு பின்னக் கணக்குப் போட்டார். எனக்கு விடை தெரிந்தது. கையைத் தூக்கினேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

எங்கள் பள்ளியில் மலையாளத்துக்கு ஒரு பிரிவு, தமிழுக்கு ஒரு பிரிவு. ஜூனில் ஆறாவது வேலைநாளன்று கல்வித்துறை ஆபீசர் வந்து தலை எண்ணுவார். தமிழில் இத்தனை பேர் என்ற கணக்குக்கு ஒரு தலை குறைந்தாலும் பிரிவு போய்விடும், அதோடு சாரின் வேலையும் போய்விடும். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமைதான் ஆபீசர் வந்தார். என் பேரைக் கூப்பிட்டதும் எழுந்து "ஹாஜர்" என்றேன். பத்து மாதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காகிதத்தில் ஒரு கோடு போட்டார்.

ஆபீசரின் ஜீப் கிளம்பியதும் சார் வெளியே போனார். அங்கே அப்பா நின்றிருந்தார். மாட்டைக்கூட வண்டியிலிருந்து அவிழ்த்துவிடவில்லை.

"ரொம்ப உபகாரமுங்க. இனி கூட்டிட்டுப் போயிருங்க. புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா எம்மேல பழி வந்துருமுங்க" என்றார் சார்.

"செரிங்க சார்" என்றார் அப்பா.

திரும்பும் வழியில், "நாளைக்கும் போறேனுங்கப்பா" என்றேன்.

"ஒடம்பு நல்லாகட்டும் கண்ணு."

"இன்னிக்கு மட்டும் நல்லா இருந்துச்சுங்களா?"

அப்பா மாட்டைத் தட்டி ஓட்டினார். சார்மேல் எனக்கு அவ்வளவு கோபமில்லை, அவருக்கு அது பிழைப்பு. அப்பாமேல்தான் கோபம், இன்றுவரை ஆறவில்லை. போனால் உயிருக்கு ஆபத்து என்று பயந்தவர், அந்த ஒரு நாள் மட்டும் எப்படித் துணிந்தார்?

அடுத்த ஜூனிலும் சார் வந்தார். ரிஜிஸ்தரில் நான் ஏழாம் வகுப்புக்குப் பாஸாகியிருந்தேன். விஷயம் தெரிந்தேதான் போனேன். ஆபீசர் போன பிறகும் உட்கார விடுவார்களோ என்று ஒரு நப்பாசை. விடவில்லை.

அதற்கடுத்த ஜூனில், தலை எண்ணும் நாளன்று, யாரும் சொல்லாமலே தலை சீவி, நல்ல பாவாடை கட்டி, காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். உச்சிப்பொழுதில் அம்மா வந்து பக்கத்தில் நின்றாள்.

"துணிய மாத்திக்க கண்ணு. இந்த வருசம் புள்ளைங்க நெறையச் சேந்திருக்குதாம்."