ஹார்லோ மாவட்டத்து இசக்கிப்பாண்டி

மும்பையில் பன்வேல் போகும் மின்வண்டியின் வாசலில் நின்றபடி இசக்கிப்பாண்டி செல்பேசியில் வானிலை பார்க்கிறார். குர்லா நடைமேடையில் மழை சாய்ந்து அடித்ததில் சட்டை பாதி நனைந்துவிட்டது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. “நம்ம கவுண்டில இன்னைக்கு நல்ல வெயிலு, அண்ணாச்சி. சோளம் ஏறிரும்” என்று தினமும் கூடப் பயணிக்கும் என்னிடம் சொல்கிறார்.

நம்ம கவுண்டி என்பது அமெரிக்காவின் நடுப்பகுதியில், கண்ணுக்கெட்டிய மட்டும் சோளக்காடாகக் கிடக்கும் ஹார்லோ மாவட்டம். இவர் பிறந்து வளர்ந்தது தாராவி. வயது நாற்பத்திமூன்று, பாஸ்போர்ட் கிடையாது. சான்பாடாவில் ஒரு கம்பெனியில் ஏழு வருடமாக அந்த மாவட்டத்தின் பழைய செய்தித்தாள்களைத் திரையில் படித்துத் தட்டச்சு செய்கிறார். ஊர்வாரியாக, குடும்பவாரியாகப் பெயர்ப் பட்டியலும் போடுகிறார். அங்கே உள்ள வரலாற்றுச் சங்கம் இதையெல்லாம் வைத்துத் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் கொண்டுவருகிறது.

மாதுங்காவில் என் எதிர்வீட்டுக்காரர் பெயர் எனக்குச் சட்டென்று வராது. இவரோ அங்கே பெல்டன் என்ற ஊரின் கடைத்தெருவில் 1904-இல் இடமிருந்து மூன்றாவது கடை யாருடையது என்பார். தானியக் கிடங்கு எரிந்த வருடம், பாதிரியாரும் மருத்துவரும் பேச்சை நிறுத்திக்கொண்ட காரணம் எல்லாம் விரல்நுனியில் இருக்கும். ஓக் ஸ்பிரிங் என்ற ஊர் காலியான கதையைச் சொல்லும்போது மட்டும் குரல் ஏறும். “எந்த பில்டரும் வந்து காலி பண்ணல, அண்ணாச்சி. ரெண்டு மைலு தள்ளித் தண்டவாளம் போட்டானுவ. அம்புட்டுதான், கதம்.”

இருப்புக் கொள்ளாத மனிதர். இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டார். பை இடத்தோளுக்கும் வலத்தோளுக்குமாக மாறிக்கொண்டே இருக்கும். கோவண்டி வருவதற்குள் பத்து விரலிலும் இரண்டு முறை சொடக்கு எடுத்துவிடுவார். “நாள் பூரா உக்காந்து பாக்குத சோலி. போற வழியிலயாவது நிக்கேன்” என்பது அவர் சமாதானம்.

இந்த வாரம் நிற்கவும் முடியவில்லை அவருக்கு. திங்கட்கிழமை புத்தகத்தின் அச்சுப்படி சரிபார்க்க வந்தது. பெல்டனில் மதுக்கடை வைத்திருந்த பீட்டர் லார்சனுக்கு அதில் ஒன்பது பிள்ளைகள். உண்மையில் ஐந்துதான். மீதி நாலு பேரை அவருக்குத் தாரைவார்த்தவர் நம் ஆள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘பி. ஓலாஃப் லார்சன்’, ‘பி. ஆகஸ்ட் லார்சன்’ என்றெல்லாம் கண்டபோது, முன்னால் நிற்கும் எழுத்து அப்பா பெயர்தானே என்று நம் வழக்கப்படி எடுத்துக்கொண்டு, தகப்பன் கட்டத்தில் பீட்டர் என்று நிரப்பிவிட்டார். அந்த ஊரில் அது அவரவர் சொந்தப் பெயரின் எழுத்து என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு செய்ததெல்லாம் சரி. முன்னால் செய்ததைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

அச்சுப்படியோடு ஒரு நன்றிக் கடிதமும் வந்திருந்தது. சங்கத்தில் பட்டியலைப் பார்த்துவிட்டு ஓலாஃபின் பேத்தி எழுதியது, எண்பத்துநாலு வயது. தாத்தாவின் தகப்பன் யார் என்று ஆயுசு முழுக்கத் தேடியவராம். புண்ணியவான்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், பீட்டரின் மகன் என்று தாத்தாவின் கல்லறையில் புதுக் கல் வைக்கிறேன், சனிக்கிழமை கல் வெட்ட ஆள் வருகிறார் என்று எழுதியிருந்தார்.

குழுவின் தலைவி வந்தனாவிடம் இவர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். “பாண்டி, இதை யாரும் கண்டுபிடிக்கப் போறதில்லை. நாமளே போய்ச் சொன்னா ப்ராஜெக்ட் போயிடும். ஏழு பேர் இருக்கோம், யோசிங்கோ” என்றாராம். அந்த ஏழு பேரில் முதலில் வெளியே போகிறவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கும் வந்தனா சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. எங்கோ கிடக்கும் கிழவனுக்கு யார் அப்பாவாக இருந்தால் என்ன, உங்கள் வீட்டு அடுப்பைப் பாருங்கள் என்று நேற்று அவரிடம் சொல்லவும் செய்தேன். சொன்ன வாய்க்குள் கசந்தது.

“கம்ப்யூட்டர்ல கெடந்தா நாளைக்கு மாத்திக்கிடலாம், அண்ணாச்சி. கல்லுல வெட்டிட்டா? அந்தம்மா வேற எவனையோ பூட்டன்னு கும்பிட்டுட்டுப் போயிரும். கொடுத்தவன் நாமுல்லா” என்றார். பையைத் தோள் மாற்றினார்.

இன்று வியாழக்கிழமை. மான்குர்து தாண்டி வண்டி கழிமுகப் பாலத்தில் ஏறியதும் செல்பேசியை என்னிடம் நீட்டினார். “இங்கிலீசு சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க.” வரலாற்றுச் சங்கத்துக்கு மின்னஞ்சல். நாலு பெயர், பக்க எண், எதனால் நேர்ந்தது என்ற விளக்கம். கல் வெட்டும் ஆளை நிறுத்தச் சொல்லி முதல் வரியிலேயே கேட்டிருந்தார். வந்தனாவுக்கும் நகல் போட்டிருந்தார். திருத்த எனக்கு ஒன்றும் இல்லை. வழக்கமாகக் கீழே வரும் கம்பெனி பெயரை எடுத்துவிட்டு, ‘எஸ். இசக்கிப்பாண்டி’ என்று தன் பெயரைப் போட்டிருந்தார்.

“வேலை போனா என்ன பண்ணுவீங்க, பாண்டி?”

செல்பேசியை வாங்கிக்கொண்டார். அனுப்பப் போனவர் நிறுத்தி, பெயருக்குக் கீழே ஒற்றை விரலால் இன்னொரு வரி தட்டினார்: ‘எஸ் என்பது சுடலைமுத்து, என் தகப்பனார்.’ பிறகு அனுப்பினார்.