மண்ணைத் தொட்ட நெற்றி

திருச்சி வாழைக்காய் மண்டியில் மீரான் ராவுத்தர் என்றால் தனி மரியாதை. ஜீயபுரத்து வண்டிகள் வந்து நின்றதும், தோளுக்கொரு தாராகத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து போவார். அப்படிப்பட்டவருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷத்து மழைக்காலத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. சுமை தூக்க முடியாததைக்கூடத் தாங்கிக்கொண்டார். தொழுகையில் ஸஜ்தாவுக்கு நெற்றியைத் தரையில் வைக்க முடியவில்லையே! பள்ளிவாசலின் கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, தலையை மட்டும் சாய்த்துத் தொழுதார். இனி ஸஜ்தா செய்யாமலே ஆயுசு முடிந்து மௌத்தாகிவிடுவோமோ என்ற நினைப்பு அவரை அரித்தது.

மண்டிக்கு வண்டியோட்டி வரும் ஸ்ரீரங்கத்து அழகிரி, தேகப்பயிற்சிப் பித்தர். "சூரிய நமஸ்காரம் போடுங்க பாய், இடுப்பு வில்லா வளையும்" என்றார்.

"உங்க சூரியனுக்கு நான் நமஸ்காரம் போட்டா, எங்க ஜமாஅத்து எனக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுடும்!"

"மந்திரத்த எங்கிட்ட விட்டுடுங்க. வளையறத மட்டும் எடுத்துக்குங்க."

விடியலில் காவிரி மணலில் ஆரம்பித்தார்கள். அழகிரி கிழக்கே பார்த்துக் கைகூப்பினார். மீரான் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, கையைக் கூப்பாமல், வாயைத் திறக்காமல் குனிந்து நிமிர்ந்தார். கோடை பிறக்கும்போது விரல்கள் மணலைத் தொட்டன.

ஜமாஅத்தில் எதற்கும் குற்றம் காணும் ரசூல் ஆற்றுக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டார். அன்று வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எழுந்தார்.

"மீரான் சூரியனைக் கும்பிடுறாரு!"

"அதுக்கு முதுகையில்ல காட்டினேன்?"

"அப்ப மொகம் எங்க? தொழுவுற தெசையில, கிப்லாவுக்கு நேரா! உதயத்துல தொழுவக் கூடாதுன்னு தெரியாதா?"

மீரானுக்கு அப்போதுதான் உறைத்தது. "சரி, வடக்க பாத்து நிக்கிறேன்."

"வடக்க ரங்கநாதர் கோபுரம்!"

"தெக்க?"

"உச்சிப்பிள்ளையார்!"

கூட்டம் சிரித்தது. மீரான் சிரிக்கவில்லை. பயிற்சியே ஆகாது என்று ஜமாஅத்து சொல்லிவிட்டால் மறுபடி அந்தக் கடைசி வரிசை ஓரம்தான்.

வேலூர் மதரஸாவில் ஓதிவிட்டுப் பள்ளிவாசலுக்கு இமாமாகப் புதிதாக வந்திருந்த இளம் ஹஜ்ரத் கேட்டார்: "குனியறப்ப மனசுல யாரு?"

"என் இடுப்புதான் ஹஜ்ரத், வேற யாரு?"

ஹஜ்ரத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நிதானமாகச் சொன்னார்: "மத்தவங்க வணக்கத்த வணக்கமா செய்யறது நமக்கு ஆகாது. அந்தப் பேரு, மந்திரம், உதய நேரம் எதுவும் வேணாம். ஆனா ஒடம்பு அல்லாஹ் நம்மள நம்பி ஒப்படைச்ச அமானிதம். அதச் சரி பண்ணக் குனியறது மருந்து. வெயில் ஏறின பொறவு, வீட்டுக்குள்ள செய்ங்க."

ரசூல் விடவில்லை. "அந்த வண்டிக்காரன் சகவாசம்?"

மீரான் நிமிர்ந்து நின்றார். "சொல்லிக்குடுத்தது அழகிரி. அத எங்கயும் மறைக்க மாட்டேன்."

அதன்பின் கூடத்தில் பாய் விரித்துப் பயிற்சி நடந்தது. "கால் மடங்குது பாய்!" என்று அழகிரி வாசலிலிருந்து அதட்டுவார். அடுப்படியிலிருந்து மீரானின் மனைவி ஷரபுன்னிசா, "நல்லாக் கேளுங்கண்ணே, நான் சொன்னா கேக்கறதில்ல" என்பாள்.

பெருநாளன்று தொழுகை நடந்த ஈத்கா மைதானத்தில் மீரான் முதல் வரிசையில் நின்றார். 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் ஒலித்தது. இடுப்பு வளைந்தது, முழங்கால் மடிந்தது, நெற்றி மண்ணில் பதிந்தது. அந்த மண்ணின் குளிர்ச்சியை அவர் மறந்தே போயிருந்தார்.

தொழுகை முடிந்து வெளியே வந்தபோது அழகிரி வண்டியோடு நின்றிருந்தார்.

"தொடச்சுக்குங்க பாய், நெத்தியெல்லாம் மண்ணு."

"இருக்கட்டும்ப்பா" என்று மீரான் வண்டியின் முன்பலகையில் ஏறி உட்கார்ந்தார். "மண்டிப் பக்கமா ஓட்டு. எல்லாரும் பாக்கட்டும்."