காஞ்சனா அடித்த வெள்ளை

சத்தியவேட்டிலிருந்து புத்தலப்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த காஞ்சனா, புருஷன் கோவர்த்தனனோடு உட்கார்ந்து பேசிய நாட்கள் குறைவு. அவர் லாரிக்காரர். பங்காருபாளையத்தில் மாங்காய் ஏற்றிக்கொண்டு போனால் திரும்புவது எப்போது என்று அவருக்கே தெரியாது. வந்தாலும், செருப்பைக் கழற்றியதும் கால்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த தோட்டத்துக்குத்தான் போகும். அவரைக்கொடியைத் தூக்கிக் கட்டுவார், கத்தரிக்கு மண் அணைப்பார். அவள் டீ டம்ளரோடு பின்னாலேயே போய் நிற்பாள். அவர்கள் குடித்தனம் நடத்தியது பெரும்பாலும் அந்தப் பாத்தி ஓரத்தில்தான்.

போன வருஷம் பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. கழுத்து திரும்பாது. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறும். தோட்டத்தின் வடக்கு மூலையில், வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு, கிழக்கே தலை வைத்து அவரைப் படுக்க வைத்தாள். கண்ணெதிரே செடிகள். பொழுது சாயும்வரை அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வை இருக்கும்வரை மனுஷன் இருப்பார் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை.

அதற்குத்தான் கேடு வந்தது. மேற்குப் பக்கத்து வீட்டு சுரேஷ்பாபு மாடி எடுத்தான். பிற்பகல் வெயில் முழுக்க அதன் பின்னால் போய்விட்டது. கத்தரி வெளிறி நெட்டையாக வளர்ந்து சாய்ந்தது. அவரைக்கொடி இலையாகவே விட்டதே ஒழிய, பூக்கவில்லை.

தொட்டிச் செடிகளை வெயில் விழுந்த இடத்துக்கெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்தாள் காஞ்சனா. பாத்தியைத் தூக்க முடியுமா? அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. தாழ்ந்த ஓட்டுக்கூரையைத் தாண்டி வரும் காலை வெயில் சுரேஷ்பாபு வீட்டுச் சிமெண்டுச் சுவரில் நேராக விழுகிறது. அந்தச் சுவர் வெள்ளையாக இருந்தால், வெளிச்சத்தைத் திருப்பிச் செடிமேல் போடாதா?

"பர்வாலேதக்கா, ஏஸ்கோண்டி" என்று தெலுங்கில் சம்மதித்தான் சுரேஷ்பாபு, தாராளமாக அடித்துக்கொள்ளச் சொல்லி. சும்மா கிடைக்கிற வெள்ளை, அவனுக்கென்ன கசப்பா?

சுண்ணாம்பைக் கரைத்து அவளே அடித்தாள். மாசம் திரும்புவதற்குள் தண்டுகள் தடித்தன. அவரை பூத்தது.

ஆனால் கோவர்த்தனன் கண்ணை மூடிக்கொண்டார்.

"யோவ், அவர பூத்துக்கீது, பாருய்யா."

இமை இன்னும் இறுகியது. விடிந்து நேரம் ஏற ஏற முகம் சுருங்கி, உள்ளே எங்கோ போய்விட்டவர் போலக் கிடந்தார். செடியும் வேண்டாம், நானும் வேண்டாம் என்று ஆகிவிட்டது இவருக்கு என்று காஞ்சனா நினைத்தாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது அழுதுகொள்வாள்.

ஒருநாள் காலை அவருடைய தங்கை மஞ்சு வந்திருந்தாள். இருவருமாக அவரை நாற்காலியில் உட்கார்த்தி, பின்வாசலோரம் குளிப்பாட்டினார்கள். விரிப்பை மாற்றப் போன காஞ்சனா, அலுப்பில் கட்டிலிலேயே சாய்ந்தாள். எதிர்ச்சுவரின் வெளிச்சம் முகத்தில் அறைந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. இத்தனை நாளும் அவர் இதற்கு நேராகத்தான் கிடந்திருக்கிறார்.

ஓடிவந்து அவர்முன் நின்றாள். "கண்ணு கூசுதுன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியாய்யா? நீ போய்க்கினு இருக்கேன்னு நெனச்சு வெந்து சாவறேன் நானு!"

"செடி... நல்லா வருது இல்ல?" என்றார்.

"கூலிங் கிளாஸ் போட்டு உடு அண்ணி. எங்கண்ணன் ஹீரோ கணக்கா இருப்பாரு" என்றாள் மஞ்சு. அதையும் போட்டுப் பார்த்தார்கள். கோணிய பக்கம் நிற்காமல் மோவாய்க்கு வழுக்கி வந்தது.

காஞ்சனா வாளியில் செம்மண் கரைத்தாள். சுவரில் பூசிவிட்டால் கூச்சம் தீரும். செடி போனால் போகட்டும்.

"வேணாம் மே" என்றார் அவர். "கட்டில... திருப்பு. தல வடக்க."

யோசித்துப் பார்த்தால் வேறு வழி இல்லைதான். மேற்கே தலை வைத்தால் எதிரே வீடு. தெற்கே வைத்தால் மதில். பாத்தி தெற்குப் பக்கமாக நீண்டு ஓடுகிறது. வடக்கே தலை வைத்தால் அது முழுசும் தெரியும், வெள்ளைச் சுவர் பக்கவாட்டில் ஒதுங்கும். ஆனால் அவர்கள் வழக்கத்தில் உயிர் போனவரைத்தான் அப்படிக் கிடத்துவார்கள்.

"வாயக் கழுவுண்ணா!" மஞ்சு கத்தினாள்.

"படுக்கறது நானு. தலயும்... என்னுது."

காஞ்சனா கட்டிலைத் திருப்பிப் போட்டாள். அவரைக் கிடத்தி, போர்வையை மார்புவரை இழுத்தவள், கழுத்துக்கு மேலே போகாமல் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

அவர் கண்ணைத் திறந்தார். பாத்தியை மெதுவாக, கோடிவரை பார்த்தார்.

"கத்திரில... புழு."

அவள் பாத்தியில் இறங்கிப் புழு பொறுக்கிக்கொண்டிருந்தபோது, லாரியில் அவரோடு கிளீனராக இருந்த துலுக்காணம் வாழைப்பழத்தோடு பின்கதவைத் திறந்தான். தலை இருந்த திசையைப் பார்த்தான். பழம் கீழே விழுந்தது.

"ஐயோ மச்சான்! சொல்லாம கொள்ளாம பூட்டியே!" மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்து காலடியில் விழுந்தான்.

"சாவலடா" என்றார் கோவர்த்தனன். "வெயிலு."

மஞ்சு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காஞ்சனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாள் வரும்போது கட்டிலைத் திருப்பும் வேலைகூட இருக்காது என்று தோன்றியது. அந்த நினைப்போடேயே அடுத்த இலையைப் புரட்டினாள்.

"அடியில பாரு மே" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.