காற்றுக்கு முன் கரன்ட்டை நிறுத்தியவன்

எந்தத் தொழிலிலும் வேலை செய்யாவிட்டால்தான் திட்டுவார்கள். லைன்மேனுக்குச் செய்தாலும் உண்டு. சூறைக்காற்று எச்சரிக்கை வந்ததும் கரன்ட்டை நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்பார்கள். நிறுத்தாமல் விட்டு, அறுந்த கம்பி மேலே விழுந்தால் கேட்பதற்கு ஆளே இருக்காது. திட்டு வாங்கிச் சம்பளம் வாங்கும் சக அன்பர்களே, போன கோடையில் பெரிய காஞ்சிபுரத்தில் என் பங்குக்கு வந்தவை இவை.

வானிலை ஆராய்ச்சி

தெருமுனை டீக்கடையில் இருந்தேன். எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறின. இடியுடன் பலத்த காற்று வரும், வீட்டுக்குள் இருங்கள், மரத்தடியில் நிற்காதீர்கள் என்று செய்தி. அதுவரை கடைக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து வெளியே போய், புளியமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். உள்ளே இருக்கத்தானே சொல்கிறது என்று கேட்டேன். டீ மாஸ்டர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "வருதா இல்லியான்னு பாத்துட்டுத்தான் சார் உள்ள போவணும். சும்மா போயி உக்காந்துக்கினு, அப்புறம் வரலன்னா?"

இரண்டில் ஒன்று

அன்று சப்ஸ்டேஷனுக்குச் சொல்லி எங்கள் பகுதி லைனை நிறுத்த வைத்தேன். காற்று என்னை ஏமாற்றிவிட்டு வாலாஜாபாத் பக்கம் போய்விட்டது. இங்கே ஒரு இலைகூட அசையவில்லை. புழுக்கம் தாங்காமல் ஜனங்கள் வாசலுக்கு வந்து விசிறிக்கொண்டிருந்தார்கள், கண் மட்டும் என் மேல். முறுக்கு விற்கும் கோமளா அக்கா மரியாதையாகவே கேட்டார்: "காத்தும் வரல, கரன்ட்டும் வரல. ரெண்டுல எதுனா ஒண்ண அனுப்பி வைப்பா."

எடை போதாது

அடுத்த வாரம் காற்று நிஜமாகவே வந்தது. லைனைப் பார்த்துக்கொண்டு போனபோது ஒரு மாடியில், படபடக்கும் தகர ஷீட்டின் மேல் ஒருவர் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். இறங்கினால் ஷீட் பறந்துவிடுமாம். இறங்காவிட்டால் நீங்களும் சேர்ந்துதான் பறப்பீர்கள் என்று கத்தினேன். கீழே நின்ற அவர் மனைவி என்னிடம் முறையிட்டார்: "இவரு வெயிட்டு பத்தாது, நான் ஏறிக் குந்துறேன்னு அப்போலேர்ந்து சொல்லிக்கினு இருக்கேன். கேக்க மாட்றாரு சார்."

கம்பத்தில் கட்டிய பாவு

மூன்றாவது எச்சரிக்கை வந்தபோது நெசவாளர் தெரு ஒன்றில் இருந்தேன். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீராக்குவார்கள், அதுதான் பாவு. கட்டுவதற்கென்று தெருவில் கல் நட்டிருக்கிறது. நெசவாளி முருகேசன் அதை விட்டுவிட்டு என் மின்கம்பத்தில் கட்டியிருந்தார். கம்பம் நல்ல உறுதியாம்.

வானம் கறுத்துத் தூறலும் விழுந்துவிட்டது. கயிற்றை அறுத்துவிட்டு உள்ளே ஓடுங்கள் என்றேன். "அறுத்தா இழ எல்லாம் சிக்காயிடும் சார், கல்யாணப் பொடவ" என்றார் முருகேசன். பாவைத் தளரவிடாமல் பிடித்துக்கொண்டுதான் சுருட்ட வேண்டும். அவர் குரல் கேட்டதும், வீட்டுக்குள் பத்திரமாக இருந்த ஐந்து பேர் ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஆறு பேரும் கம்பிக்கு நேர் கீழே. என் கத்தல் ஒருவர் காதிலும் ஏறவில்லை.

சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். "அன்னிக்கு மாதிரியா, இல்ல நெஜமாவே வருதா?" என்றார் ஆபரேட்டர். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. நிறுத்தினார்.

போனைப் பையில் போடுவதற்குள் காற்று அடித்தது. வேப்பங்கிளை முறிந்து லைனில் சாய, கம்பி அறுந்து நனைந்த பாவின் மேலேயே நீளமாக விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஆறு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள், பாவை விடாமல். சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன், சொல்ல வெட்கமில்லை. முருகேசன் என்னிடம் வந்தார். கையெடுத்துக் கும்பிடப்போகிறார் என்று நினைத்தேன். "உங்க கம்பி வுழுந்து எத்தினி இழ அறுந்துபோச்சு பாருங்க. கொஞ்சம் கெட்டியா கட்டக் கூடாதா சார்?"

அன்றிலிருந்து, ஒன்றுமே ஆகவில்லையே, எதற்கய்யா கரன்ட்டை நிறுத்தினாய் என்று யாராவது உயிரோடு வந்து திட்டினால், எனக்கு வயிறு குளிர்ந்துவிடுகிறது.