இறக்கத்தில் பிடித்த பிஸ்டன்

சுருளிவேலுக்கு ஐம்பத்தோரு வயது. அதில் இருபத்தாறு வருடம் ஜீப்பில் கழிந்தது. குரங்கணியிலிருந்து மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போவதும், ஏலக்காய் மூட்டையோடு இறங்குவதும்தான் பிழைப்பு. கெட்டிக்காரர் என்று சொல்லிவிட முடியாது, கவனமானவர். இறக்கத்தில் செகண்ட் கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரை அடியோடு விட்டுவிட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்குவார். பிரேக்கை நம்பி இறங்குகிறவனை அவர் டிரைவராகவே மதிப்பதில்லை.

போன வருடம் தோட்ட முதலாளி ஜீப்பை மேலேயே நிறுத்திவிட்டுப் போகச் சொன்னார். வீட்டுக்கு வந்துபோக ஒரு வண்டி தேவைப்பட்டது. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய பைக் வாங்கி விற்கும் காசிமாயனிடம், முப்பது வருடப் பழசான ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டியை எடுத்தார்.

"எஞ்சின் வேலை இப்பத்தான் பாத்திருக்குண்ணே. பெட்ரோல்ல மறக்காம ஆயில் கலந்து ஊத்துங்க. ஏத்தத்துல இத அடிச்சுக்க வண்டி கெடையாது" என்றான் காசிமாயன்.

ஏற்றத்தைப் பற்றி அவன் சொன்னது சரிதான். மறுநாள் காலை வண்டி திணறாமல் ஏறியது. சாயங்காலம் இறங்கும்போது, மூன்றாவது வளைவைத் தாண்டியதும், பின்சக்கரம் சட்டென்று நின்றுவிட்டது. சுருளிவேல் காப்பிச் செடிகளுக்குள் போய் விழுந்தார். எழுந்து கிக்கரை மிதித்தால் அது கல்லாக நின்றது. பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த இன்னொரு டிரைவர் அருள்பாண்டியின் ஜீப்பில், மூட்டைகளின் மேல் பைக்கைக் கயிறு போட்டுக் கட்டிக் குரங்கணிக்கு இறக்கினார்கள்.

ஜீப் ஸ்டாண்டில் அருள்பாண்டி சும்மா இருக்கவில்லை. "என்ன மாமா, இத்தன வருசம் ஜீப்ப எறக்கினீங்க, ஒரு பைக்க எறக்க வரலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். முழங்கையில் ரத்தம் வழிய நின்ற சுருளிவேலுக்கு அந்தச் சிரிப்புதான் வலித்தது. "அந்தக் காசிமாயன் தேஞ்ச பிஸ்டன் மேல பெயிண்ட அடிச்சு என் தலைல கட்டிட்டான். அந்தப் பிஸ்டனக் கழட்டி அவன் கட வாசல்ல தொங்கவிடாம நான் தாடிய எடுத்தா, என்னை டிரைவர்னு யாரும் கூப்பிடாதீங்க."

வண்டியை மெக்கானிக்கிடம் விட அவருக்கு மனமில்லை. மெக்கானிக்கும் காசிமாயனும் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள். வீட்டு வாசலில் சாக்கை விரித்துத் தானே பிரித்தார். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டார். பிறகு ஹெட்டைக் கழற்றி, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டிச் சிலிண்டரை உருவினார். ஒவ்வொரு தட்டுக்கும் காசிமாயனின் முகம் வந்து போனது. அவனிடம் பேசவேண்டிய வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தார். ஒன்றை எடுத்துவிட்டு அதைவிடக் கூரான ஒன்றை வைத்தார். வண்டியைப் பிரித்த அந்த நான்கு நாளும் அவர் சந்தோஷமாக இருந்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

"தாடி நல்லாத்தான் வளருது. வண்டி எப்ப ஓடும்?" என்று கேட்டாள் மனைவி மகாராணி.

உட்சுவர் கீறிப்போயிருந்த சிலிண்டரை லேத்தில் கடைந்தாக வேண்டும். போடியில் லேத் வைத்திருக்கும் முத்துக்கிருஷ்ணனிடம் கொண்டுபோனார். அவர் பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புதுசுய்யா இது. தலைல நம்பர் குத்தியிருக்கு பாரு. கடஞ்சு போட்டு மாசம் ஒண்ணுகூட இருக்காது."

"புதுசு எப்படி பிடிக்கும்?"

"பக்கத்துல கோடு கோடா உருகி இழுத்திருக்குல்ல? ஆயில் பத்தல. எறக்கத்துல எப்படி வந்தே?"

"கியர்லதான். ஆக்ஸிலேட்டர மூடிட்டு."

முத்துக்கிருஷ்ணன் பிஸ்டனை மேசையில் வைத்தார். "மாப்ளே, இது ஜீப்பு இல்ல. ஜீப்புக்கு ஆயில் தனியாக் கெடக்கு. இதுக்கு ஆயிலு பெட்ரோலோடதான் உள்ள போகும். ஆக்ஸிலேட்டர மூடினா பெட்ரோல் இல்ல. பெட்ரோல் இல்லேன்னா ஆயிலும் இல்ல. எஞ்சின் மட்டும் வறட்டு ஓட்டம் ஓடும். எறக்கத்துல அப்பப்ப கிளட்சப் பிடிச்சு ஆக்ஸிலேட்டர ஒரு முறுக்கு முறுக்கணும்."

சுருளிவேல் வாசல் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். "இத ஸ்டாண்டுல யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்றார்.

காரணம் போனபின் கோபமும் போயிருக்க வேண்டும். போகவில்லை. தெரிந்தே சொல்லாமல் விட்டவன் காசிமாயன்தானே என்று அது வேறு வழி பிடித்துக்கொண்டது. பழைய பிஸ்டனைத் துணியில் சுற்றிக்கொண்டு நேராக அவன் கடைக்குப் போனார்.

காசிமாயன் துணியைப் பிரித்துப் பார்த்ததுமே புரிந்துகொண்டான். "கியர்ல எறக்கினீங்களாண்ணே?"

"டூ ஸ்ட்ரோக்க எப்படி எறக்கணும்னு ஏன்டா சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

"வேணும்னேதானே?"

"ஆமாண்ணே, வேணும்னேதான்." அவன் குரலை உயர்த்தவில்லை. "போன தையில எங்க அக்கா ஜக்கம்மா, தோட்டத்துல வேல பாக்கையில கால் பெசகி ரோட்டோரம் உக்காந்திருந்துச்சு. கை காட்டுச்சு. லோடு இருக்குன்னுட்டுப் போயிட்டீங்க. ஏழு மைலு நடந்து எறங்குச்சு."

சுருளிவேல் நினைவைத் துழாவிப் பார்த்தார். அப்படி ஒரு முகம் வரவில்லை. லோடு இருக்கிறது என்று சொல்லிப் போன நாட்கள் எத்தனையோ, அவற்றில் ஒன்று.

"தொங்கவிடணும்னு சபதம் போட்டீங்களாம். தாராளமாத் தொங்கவிடுங்க" என்று வாசல் கம்பியைக் காட்டினான் காசிமாயன். "வர்றவன் என்னன்னு கேப்பான். நீங்க எப்படி எறக்கினீங்கன்னு நான் வெவரமாச் சொல்றேன்."

சுருளிவேல் பிஸ்டனைத் துணியில் சுற்றிக்கொண்டு திரும்பினார்.

கடைந்த சிலிண்டரைப் புதுப் பிஸ்டனோடு தானே பூட்டினார். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கின் வாய் அதற்கான ஊசியில் சரியாக உட்கார்ந்ததா, பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்கிறதா என்று மூன்று தடவை சோதித்தார். வண்டி இன்றுவரை நன்றாகத்தான் ஓடுகிறது. தாடியை மட்டும் எடுக்க முடியவில்லை. "என்ன மாமா, இன்னுமா தொங்கல?" என்று அருள்பாண்டி கேட்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்ப்பார்.

வண்டியைப் பூட்டிப் பதினைந்து நாள் கழித்து, மூட்டை ஏற்றிய ஜீப்போடு இறங்கும்போது, பாதையோரம் ஜக்கம்மாள் நடந்துகொண்டிருந்தாள். விசாரித்து முகத்தைத் தெரிந்து வைத்திருந்தார். வண்டியை நிறுத்தி, முன்சீட்டிலிருந்த ஒரு மூட்டையைத் தூக்கிப் பின்னால் எறிந்தார்.

"ஏறு."

"வேணாண்ணே, கால் சரியாப் போச்சு. நடந்துருவேன்."

"ஏறுங்கிறேன்ல!"

அவள் பயந்துபோய் ஏறினாள். போடியில் அவள் தம்பி காசிமாயனின் கடைக்கு நேர் எதிரே, அவன் பார்க்கும்படி நிறுத்தி, ஹாரனை இரண்டு தடவை அழுத்தினார்.

"நாளைக்கும் வருவேன். இன்னைக்கு ஏறுன எடத்துலயே நில்லு" என்றார் அவளிடம். அந்தக் குரலில் துளிக்கூட அன்பு இல்லை.